விடியற்காலையில் விரல்கள் ஏன் மடங்க மறுக்கின்றன?

முடக்கு வாதம் உள்ள பெண்களிடம் காலை வேளையைப் பற்றிக் கேட்டால், ஜாக்கெட் ஹூக் மாட்ட முடியவில்லை, குழாயைத் திருக முடியவில்லை, குக்கர் மூடி கைக்கு வசப்படவில்லை என்பார்கள். 10 மணிக்கு மேல் அதே கை ஓரளவு வேலை செய்யும். இதைப் பார்த்துவிட்டு ‘வேலைக்குப் பயந்து சொல்கிறாள்’ என்று வீட்டிலேயே பேசுவது பெரிய அநியாயம். வலிக்கு நேரம் காலம் உண்டு என்பது ஆய்வுகளில் தெளிவான விஷயம்.

ஊர்ப்பக்கம் சரவாங்கி என்று சொல்லும் இந்த நோயில், உடலின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டுகளையே தாக்குகிறது. மூட்டின் உட்புறச் சவ்வு வீங்கித் தடித்து நீர் கோத்துக்கொள்கிறது. வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் இரவின் பின்பாதியில் ரத்தத்தில் ஏறி, விடியும் நேரத்தில் உச்சத்தைத் தொடுகிறது. அதை அடக்க வேண்டிய கார்ட்டிசால் ஹார்மோனும் அப்போதுதான் அதிகமாகச் சுரக்கிறது; ஆனால் இந்த வீக்கத்துக்கு அந்த அளவு போதுவதில்லை. இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டில் தேங்கிய நீர், கை அசைய அசையத்தான் வடியும். அதனால் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட நீடிக்கிறது. வயதாவதால் வரும் தேய்மான வாதத்தில் இது பெரும்பாலும் அரை மணிக்குள் விலகிவிடும்.

இந்தக் கடிகாரத்தைக் குறிவைத்தே ஒரு மருந்து செய்தார்கள். இரவு 10 மணி வாக்கில் விழுங்கினால் சுமார் 4 மணி நேரம் கழித்துக் கரையும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அது. வழக்கம்போல் காலையில் சாப்பிடும் மாத்திரையைவிட அது காலை விறைப்பைக் கூடுதலாகக் குறைத்தது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஸ்டீராய்டின் நேரத்தையோ அளவையோ நாமாக மாற்றுவது மட்டும் கூடவே கூடாது.

அன்றாடச் சிரமத்தை அளக்கவும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ஜேம்ஸ் ஃப்ரீஸ் குழுவினர் 1980இல் வெளியிட்ட கேள்வித்தாளில் உடுத்துவது, எழுவது, சாப்பிடுவது, பிடிப்பது எனப் பல வேலைகளுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். 0 என்றால் சிரமமே இல்லை. 3 என்றால் முடியவே முடியாது. இந்தியாவுக்காகத் திருத்திய வடிவில் சேலை கட்டுவது, சம்மணம் போட்டு உட்காருவது, ஆட்டோவில் ஏறி இறங்குவது எல்லாம் வருகின்றன. நம் நோயாளிகளின் நாள் இவற்றில்தானே கழிகிறது!

இந்த மதிப்பெண்ணில் என் மனதை உறுத்துவது ஒன்று. நோயின் தொடக்கத்தில் அதை ஏற்றுவது வீக்கமும் வலியும். மருந்து வேலை செய்தால் அது இறங்கிவிடும். வருடங்கள் போனபின் அதை ஏற்றுவது எலும்பு அரிக்கப்படுவதும் குருத்தெலும்பின் இழப்பும். அந்தப் பங்கை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது. ‘கொஞ்ச நாள் எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடும் மாதங்களில் பறிபோவது இதுதான். இந்த நோயை அடக்கக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தைத் தொடங்கியவர்களுக்குப் பலன் தெரியவே 6 முதல் 12 வாரம் ஆகலாம். வாரம் ஒரே நாள் போடும் அந்த மாத்திரையை, பயனில்லை என்று பாதியில் விட்டுவிடுகிறவர்கள் பலர்.

மருந்து வேலை செய்யும்வரை, சின்ன மூட்டின் சுமையைப் பெரிய மூட்டுக்கு மாற்ற வேண்டும். காய்கறிப் பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டலாம். பாத்திரத்தை விளிம்பில் கிள்ளித் தூக்காமல், இரண்டு உள்ளங்கையாலும் அடியில் ஏந்தலாம். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கினால் அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஈரத்துணியைக் கையால் முறுக்கிப் பிழிவதற்குப் பதில், பலகைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாலே தண்ணீர் போய்விடும்.