மூச்சுக்கு அடங்கும் நெஞ்சும் அடங்காத இரத்தக்கட்டியும்

மணிக்கட்டில், பெருவிரலுக்கு நேர் கீழே இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரைவதும் விடும்போது தளர்வதும் இளம் வயதுக்காரருக்கு நன்றாகவே தெரியும். இது நோயில்லை, 1847இலேயே கார்ல் லுட்விக் என்ற ஜெர்மன் உடலியலாளர் கருவி வைத்துப் பதிவு செய்த விஷயம்.

என் அம்மாவின் நாடியில் இது தெரியாது. நல்லூர்த் தேர் பார்த்து வெயிலில் நடந்து வந்து விறாந்தையில் இருந்தவர், "நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சைப் பொத்தி வச்ச மாதிரிக் கிடக்கு பிள்ளை" என்றார். ஈசிஜி எடுத்ததில் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும் நோய், என்று தெரிந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "யோசிக்காதேங்கோ, மனதை ஆறுதலா வச்சிருந்தாச் சரியாயிடும்." இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் ஒரு சின்னக் கணுதான் துடிப்பைத் தொடக்கி வைக்கிறது. அதை அதன்பாட்டில் விட்டால் நிமிடத்துக்கு 100 தடவை அளவில் அடிக்கும். சும்மா இருக்கும்போது நமக்கு 70 என்று இருப்பது, மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பு சைக்கிள் பிரேக் போல அதைப் பிடித்து வைத்திருப்பதால். மூச்சை இழுக்கும்போது அந்தப் பிடி தளரும், விடும்போது இறுகும். 1921இல் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இதயம் கிடந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலே அதுவும் மெதுவாக அடித்தது. நரம்பு ஓர் இரசாயனத்தைச் சுரந்துதான் இதயத்தை அடக்குகிறது என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

அம்மாவின் நோயில், மேலறைகளில் மின்துடிப்பு நிமிடத்துக்கு 350க்கு மேல் தாறுமாறாகச் சுழல்கிறது. மேலறை சுருங்காமல் நடுங்குகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் இன்னொரு கணு, வாசலில் நிற்கிற காவல்காரர் மாதிரி, சிலதை மட்டும் ஒழுங்கில்லாமல் உள்ளே விடும். வேகஸின் பிடி இந்தக் காவல்காரரையும் இறுக்கும் என்பதால் நீளமாக மூச்சு விடும்போது படபடப்பு கொஞ்சம் குறையலாம். அப்புறம், நெஞ்சு அடிக்கப் பயம் வரும், பயத்தில் அட்ரினலின் சுரக்கும், அது நெஞ்சை இன்னும் அடிக்க வைக்கும். இந்தச் சுற்றை அறுக்க நிதானமான மூச்சு நல்ல வழி.

2001இல் இத்தாலியில் 23 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். லத்தீனில் செபமாலை சொன்னபோதும் யோக மந்திரம் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்ற ஒரே அளவுக்கு வந்து, இரத்த அழுத்தத்துக்கு ஏற்ப இதயம் தன்னைத் திருத்திக்கொள்ளும் திறனும் கூடியது. பாஷையூர் அந்தோனியார் கோயிலில் செபமாலை உருட்டும் ஆச்சியையும் நல்லூரில் மந்திரம் சொல்லும் ஐயாவையும் எனக்கு அது நினைவுபடுத்தும். ஆனால் அவர்கள் சோதித்தது நோயில்லாதவர்களை. நோயாளிகளிடம் பார்த்தது அமெரிக்காவின் கன்சாஸில் செய்து 2013இல் வெளிவந்த ஆய்வு. வந்து வந்து போகும் வகை உள்ள 49 பேர் 3 மாதம் யோகா செய்ய, உணரக்கூடிய படபடப்பு சராசரியாக 3.8 தடவையிலிருந்து 2.1ஆகக் குறைந்தது. யோகா செய்யாத இன்னொரு குழுவோடு ஒப்பிடவில்லை என்பதால் இதை நம்பிக்கை தரும் தொடக்கம் என்று மட்டும் எடுக்கலாம்.

மற்றப் பாதிக்கு வருகிறேன். நடுங்கும் மேலறையில், முக்கியமாக இடது மேலறையின் ஒரு சிறு பை போன்ற மூலையில், இரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. எந்த மூச்சுப் பயிற்சியும் அந்தக் கட்டியைத் தடுக்காது. அம்மா நெஞ்சு அடங்கியதும், இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வார்ஃபரின் குளிசையை விட்டுவிட்டார், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு கிளினிக்கில் 1.3 வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். அவருக்கு அது 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். (இலைவகை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கலாம் என்றாலும் முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும் விலக்கில்லை, கிழமைக்குக் கிழமை அளவு மாறாமல் இருந்தால் சரி.)

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிலருக்கு இது ஆறுதலாகப் படுத்திருக்கும்போது, இராச்சாப்பாடு வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு, நித்திரையில் வரும். வேகஸ் நரம்பு மேலறைத் தசை ஒவ்வொரு துடிப்புக்கும் பின் எடுக்கும் இடைவெளியைக் குறுக்கிவிடுவதால், அந்த அமைதியே தாறுமாறான சுழற்சிக்கு வழிவிடுகிறது. ஆகவே "நீங்கள் யோசிச்சதாலதான் வந்தது" என்று எந்த நோயாளியிடமும் சொல்லாதீர்கள். அம்மா அதைக் கேட்டுக் கேட்டு, தன் பிழை என்றே நம்பியிருந்தார்.

முகம் ஒரு பக்கம் இழுத்தால், பேச்சுக் குழறினால், மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுநோ என்று வந்தால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு இருக்கக் கூடாது, உடனே (இலங்கையில்) 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மற்ற நாட்களில் அம்மா இரவுக் குளிசையைப் போட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் இருந்து, 5 எண்ணி இழுத்து 5 எண்ணி விடுவார், மூச்சை அடக்குவதில்லை. பத்து நிமிடம் முடிய நான் நாடி பிடித்துப் பார்ப்பேன். ஒழுங்கில்லாமல்தான் இருக்கும், ஆனால் 96இல் தொடங்கியது நேற்று 84இல் நின்றது.