பீலி வாயில் விழுந்த கல்

அட்டனிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அக்கா அந்த ஸ்கேன் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைப்பதும், மறுபடி எடுத்துப் பார்ப்பதுமாக வந்தாள். கருப்பையில் 5 சென்டிமீட்டர் பைப்ரோயிட் என்று ஒரு வரி. கல்யாணமாகி மூன்று வருடம். நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்ட வரிசை வீடுகளான லயத்தில் "இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்று யாராவது கேட்காத வாரமில்லை.

"இந்தக் கட்டிதான் குழாய அடைச்சிருக்கா, தங்கச்சி?"

அதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை. சாதாரண ஸ்கேனில் கட்டி தெரியும். நலமாக இருக்கும் கருக்குழாய் பெரும்பாலும் தெரியவே தெரியாது.

பைப்ரோயிட் என்பது கருப்பைச் சுவரின் தசையிலேயே உருவாகும் கட்டி. ஒரே ஒரு தசைச் செல்லில் மரபணு மாறிப்போய், அது பெருகிப் பெருகி உருண்டையாகிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹோர்மோன்கள்தான் அதற்குத் தீனி. மாதவிடாய் நின்ற பிறகு அநேகமாகச் சுருங்கிவிடும். புற்றுநோயாக இருப்பது மிக அரிது. கொழுந்துக் கூடை சுமந்ததால் வந்ததென்று பாட்டிமார் சொல்வார்கள். சுமைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

சரி, குழாய்க்கு வருவோம். கருப்பையின் இரண்டு மேல் மூலைகளிலிருந்தும் ஆளுக்கொன்றாய் 10 சென்டிமீட்டர் அளவில் நீண்டிருக்கும். நுனியில் விரல்கள் போன்ற இழைகள். சூலகம் விடும் முட்டையை அவை வாரி உள்ளே எடுக்கும். விந்தணு முட்டையைச் சந்திப்பது குழாய்க்குள்தான். கரு மூன்று நான்கு நாட்கள் அதற்குள்ளேயே நகர்ந்து கருப்பைக்கு வருகிறது. கருப்பைச் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் குழாயின் துவாரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

எங்கள் பீலியை, மலைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழும் இடத்தை, நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மலையில் ஆளுயரப் பாறை கிடந்தாலும் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும். குழாய் வாயில் ஒரு கடலையளவு கல் விழட்டும், கீழே குடங்கள் வரிசையில் காத்துக் கிடக்கும். பைப்ரோயிட்டும் அப்படித்தான், அளவைவிட இடம்தான் முக்கியம். கருப்பையின் மேல் மூலையில், குழாய் தொடங்கும் இடத்தருகே வளர்ந்தால் சிறிய கட்டியே துவாரத்தை நெரிக்கலாம். பெரிய கட்டி குழாயை இழுத்து வளைத்து, நுனி இழைகளைச் சூலகத்திலிருந்து தள்ளி வைக்கலாம். ஆனால் கருப்பைக்கு வெளிப்பக்கமாகத் தொங்கும் கட்டி பெரும்பாலும் கருத்தரிப்பதைத் தடுப்பதில்லை.

உண்மையில் அதிகம் தொல்லை தருவது உட்சுவரைத் தள்ளிக்கொண்டு கருப்பைக் குழிக்குள் நீட்டும் கட்டி. அது குழாயைத் தொடாவிட்டாலும், வந்து சேர்ந்த கரு ஒட்டுவதற்கு நல்ல இடம் கொடுக்காது. மாதவிடாய் இரத்தப்போக்கைக் கூட்டி இரத்தச்சோகையையும் கொண்டுவரும். விடியவே மலைக்கு ஏறும் பெண்கள் "களைப்பா இருக்கு" என்று சும்மா விட்டுவிடுவது பல நேரம் இதைத்தான்.

குழாய் அடைப்பு என்றதும் எல்லாப் பழியையும் கட்டியின் மேல் போடவும் கூடாது. பழைய கிருமித்தொற்று, காசநோய், கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் எல்லாம் குழாயை அடைக்கும். கண்டுபிடிக்க வழி, கருப்பைக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. இரத்தம் நின்ற சில நாட்களுக்குள் செய்வார்கள். மாதவிடாய் வலி போல வயிற்றைப் பிடித்து இழுக்கும். படத்தில் வெள்ளைக் கோடு இரண்டு பக்கமும் ஓடி, நுனியில் புகை போலக் கலைந்தால் வழி திறந்திருக்கிறது. கோடு மூலையிலேயே நின்றாலும் உடனே இடிந்துபோக வேண்டாம். தசை இறுகியும் அப்படிக் காட்டும். ஒரு குழாய் திறந்திருந்தாலே கரு தங்க வாய்ப்புண்டு.

சிகிச்சையும் இடத்தைப் பொறுத்ததுதான். உட்குழிக்கட்டியை வயிற்றைக் கிழிக்காமல் கருப்பை வாய் வழியாகவே எடுத்துவிடலாம். சுவருக்குள் இருப்பதை அவசரப்பட்டு வெட்டினால், ஆறும்போது உண்டாகும் ஒட்டுத்தழும்பு குழாயைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கட்டியைச் சுருக்கும் ஊசிகளும் இருக்கின்றன, ஆனால் அவை வேலை செய்யும் காலத்தில் முட்டை வெளியாகாது, கரு தங்காது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா தாளைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அப்புறம், மறந்ததை நினைத்தவள் போலச் சொன்னாள்: அடுத்த கிளினிக்குக்கு மச்சானையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்களாம், அவருக்கும் பரிசோதனை செய்ய வேண்டுமாம். மூன்று வருடமாக லயத்தில் ஒருவரும் அவரிடம் எதுவும் கேட்டதில்லை.