‘வீட்டு வழங்கல்’ அன்று, ‘வீட்டு அளிப்பு’

“நாட்டில் வீட்டு வழங்கலை அதிகரிக்க வேண்டும்” என்று நாடாளுமன்ற விவாதச் செய்திகளில் ஓயாமல் எழுதுகிறார்கள். படிப்பவருக்கு என்ன விளங்கும்? அரசு இன்னும் நிறையப் பேருக்கு வீடு கொடுக்கவேண்டும் என்றுதான் விளங்கும். பேசியவர் சொன்னதோ சந்தைக்கு வரும் வீடுகள் பெருக வேண்டும் என்பதை.

மூலச் சொல் ‘சப்ளை’. குறைந்ததை நிரப்புதல் என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. பொருளியலில், ஒரு காலத்தில் ஒரு விலைக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ உடையவர்கள் முன்வரும் அளவு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது ‘அளிப்பு’, இலங்கையில் ‘நிரம்பல்’. இலங்கைச் சொல்லே மூலத்துக்கு நெருக்கம். ஆனால் ‘வீட்டு நிரம்பல்’ என்றால் வீட்டுக்குள் ஆள் நிரம்பியதாகப் பொருள் திரும்பிவிடும்.

‘குடிமைப் பொருள் வழங்கல்’ என்பதில் வழங்கல் மிகச் சரி. ரேஷன் கடையில் அரசே கொடுக்கிறது. குடிநீர் வழங்கலும் சரி. அதையே வீட்டுச் சந்தைக்கு இழுத்து வந்ததுதான் பிழை. ‘வீட்டு விநியோகம்’ இன்னும் மோசம். அது பங்கிட்டுக் கொடுப்பது.

இந்தக் குழப்பத்தால் கணக்கே புரியாமல் போகிறது. 2012இல் ஒன்றிய அரசின் தொழில்நுட்பக் குழு, நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.878 கோடி என்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ நகரங்களில் ஏறத்தாழ 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன. பூட்டிய வீடு ‘இருப்பு’. உடையவர் வாடகைக்கு விட முன்வந்தால்தான் அது ‘அளிப்பு’. வழங்கல் என்று எழுதுகிறவர் இருப்புக்கும் அளிப்புக்கும் இடையே எங்கே கோடு போடுவார்?

பிரதமரின் வீட்டு வசதித் திட்டம் 2015 ஜூனில் நகரங்களுக்குத் தொடங்கியது. அதன் ஒரு பிரிவில், சொந்த மனையில் தானே கட்டிக்கொள்பவருக்கு ஒன்றிய அரசு 1.5 லட்சம் ரூபாய் உதவி தந்தது. இன்னொன்றில், குறைந்த வருவாயினருக்கு 6 லட்சம் ரூபாய் வரையான கடனுக்கு 6.5 விழுக்காடு வட்டி மானியம். வட்டி மானியம் வாங்குபவரின் கையை வலுப்படுத்துவது, அதாவது தேவையைக் கூட்டுவது. நிலமும் கட்டட அனுமதியும் அதே வேகத்தில் வராவிட்டால் விலைதான் ஏறும். இவை அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘வீடுகள் வழங்கப்பட்டன’ என்று மொழிபெயர்க்கிறார்கள். ஒப்புதல் பெற்றவை, பணி தொடங்கியவை, கட்டி முடிந்தவை என்னும் மூன்று எண்களும் அந்த ஒரு வினைக்குள் கரைந்துவிடுகின்றன. ஆளுங்கட்சி முதல் எண்ணையும் எதிர்க்கட்சி கடைசி எண்ணையும் பிடித்துக்கொண்டு சண்டையிட இதுவே வசதி.

‘அளி’ என்றாலும் கொடுத்தல்தானே என்பார்கள். உண்மைதான், அருளோடு கொடுத்தல் என்பது அதன் பழம்பொருள். ஆனாலும் ‘தேவை, அளிப்பு’ என்று இணையாகப் படித்தவருக்கு அது சந்தைச் சொல்லாகவே ஒலிக்கிறது. அரசுத் திட்டத்தின் வாடை அதில் இல்லை.

‘பற்றாக்குறை’ நல்ல தமிழ். பற்றாது என்றால் போதாது. அதையும் ‘வீடில்லாமை’ என்று எழுதிக் கெடுக்கிறார்கள். மேலே சொன்ன 1.878 கோடியில் வீடற்றோருக்கானது 5.3 லட்சமே. 1.499 கோடி, மணமானவர்களுக்குத் தனி அறைகூட இல்லாத நெரிசல் வீடுகளின் கணக்கு.