உடையை விடுங்கள், வெட்டைப் பாருங்கள்

என்னிடம் படத்தொகுப்புப் பயிலும் மாணவர் ஒருவர், சென்ற வாரம் தாம் தொகுத்த இசைக் காணொளியைக் காட்டினார். ஆடும் பெண்ணின் இடுப்பு, முதுகு, கழுத்து, கணுக்கால் என்று பதினொரு ஷாட்டுகள் கடந்த பிறகே முகம் வந்தது. அதைச் சுட்டிக்காட்டியபோது, ஆண்டுதோறும் நான் கேட்டுச் சலித்த பதிலையே அவரும் சொன்னார்: "உடை கண்ணியமாகத்தானே இருக்கிறது?"

உடையைப் பற்றி நான் கேட்கவே இல்லை. பிரிட்டிஷ் திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975-இல் வெளியிட்ட கட்டுரையில் 'ஆண் நோக்கு' என்று எழுதியபோது அவர் ஆராய்ந்தது, யார் பார்க்கிறார், யார் பார்க்கப்படுகிறார் என்பதையே. கேமராவின் பார்வை, பார்வையாளரின் பார்வை, திரைக்குள் பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை என மூன்றைப் பிரித்து, முதலிரண்டும் மூன்றாவதற்குள் ஒளிந்துகொள்வதை அவர் விளக்கினார். தலைமுதல் கால்வரை போர்த்திய பெண்ணையும் தொகுப்பறையில் துண்டுதுண்டாக்கிவிடலாம். குறைந்த உடையில் ஆடும் கலைஞரை, ஓர் அசைவு தொடங்கி முடியும்வரை முழு உருவமாகக் காட்டி, அவருடைய ஆட்டத்தை மனத்தில் நிற்கச் செய்யவும் முடியும். முழம் போட்டு உடையை அளப்பவர்கள் அணிந்தவர்மீதே பழியைச் சுமத்துகிறார்கள். ஃப்ரேம் வைத்த ஒளிப்பதிவாளரும் காட்சிகளை வெட்டிய தொகுப்பாளரும் அவர்கள் கணக்கிலேயே வருவதில்லை.

பெண்ணைக் காட்சிப்பொருளாக நிறுத்தும் தருணங்களில் கதையோட்டம் உறைந்துவிடுகிறது என்றார் மல்வி. பல இசைக் காணொளிகளில் உறைவதற்குக் கதையே இல்லாததால், அந்தத் தருணம் பாடல் முழுவதும் நீள்கிறது. தாளத்துக்குத் தாளம் வெட்டுவது, அதாவது ஷாட்டை மாற்றுவது, எங்கள் தொழிலில் இயல்பு என்பதால், வெட்டு எந்த உறுப்பின்மேல் விழுகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஊடக ஆய்வாளர் சட் ஜாலி 1990-இல் அமெரிக்க இசைத் தொலைக்காட்சியான எம்டிவியின் காணொளிக் காட்சிகளை மூலப் பாடல்களிலிருந்து பிரித்து, தம் விளக்கவுரையுடன் தொகுத்தபோது, பாட்டு மறைத்துவைத்திருந்தது வெளியே தெரிந்தது.

"சம்மதித்துத்தானே நடித்தார்" என்பார்கள். சம்மதம் கேட்கப்படுவது படப்பிடிப்புக்கு முன்பு. காட்சிகள் வெட்டப்படும் அறையில் அவர் இருப்பதில்லை.

பார்ப்பவர்கள் கைகட்டி ஏற்க வேண்டியதில்லை. கறுப்பினப் பெண்கள் திரையை எதிர்த்துப் பார்த்த பார்வையைப் பற்றி அமெரிக்கப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் 1992-இல் எழுதியிருக்கிறார். அந்தப் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். முகம் எத்தனையாவது ஷாட்டில் வருகிறது என்று எண்ணுங்கள். அந்தப் பெண் எதையேனும் பார்க்கிறாரா, அவர் பார்த்தது அடுத்த ஷாட்டில் நமக்குக் காட்டப்படுகிறதா என்று கட்டாயம் தேடுங்கள். ஒரு பாத்திரத்துக்கு மனம் உண்டு என்று தொகுப்பாளர் ஒப்புக்கொள்ளும் இடம் அதுதான்.

மாணவர் ஒதுக்கிவைத்த ஷாட்டுகளில், அந்தப் பெண் ஆட்டத்தை நிறுத்திப் பாடகரைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் ஏழு விநாடிகள் இருந்தன. தொகுப்பு பயில்பவர்களே, அப்படிப்பட்ட ஷாட்டுகளைத் தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள்.