குப்பைமேட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

சென்னையில் கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் மருத்துவம் பார்க்கிறேன். காலையில் வருகிறவர்களில் பலர் குப்பை பொறுக்கும் பெண்கள். கண்ணாடி கிழித்த கை, ஆணி ஏறிய கால். தையல் போட்டு, டெட்டனஸ் தடுப்பூசி போட்டு அனுப்பினால், கட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் மேட்டுக்குத்தான் போவார்கள்.

இப்போது வேறு மாதிரி வருகிறார்கள். தூக்கம் இல்லை, படபடப்பு, பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், "உள்ள விடமாட்டேங்கறாங்க டாக்டரம்மா, மால் கிடைக்கல" என்கிறார் ஒரு அம்மா. மால் என்றால் பொறுக்கி விற்கிற சரக்கு. காந்தம் கட்டிய குச்சியோடு பல வருடம் இரும்பு எடுத்தவர். காயலாங்கடையில் முன்பணம் வாங்கியிருக்கிறார். வாங்கிய கடையில்தான் சரக்கைப் போட வேண்டும், அவர்கள் சொல்வதுதான் விலை. மால் நின்றுவிட்டது, கடன் நிற்கவில்லை.

மாநகராட்சி மேட்டை அகற்றுகிறது. அது தேவையான வேலைதான். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து, எரியக்கூடியதை சிமென்ட் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். வீட்டு வாசலிலேயே தரம் பிரித்து வாங்குகிறார்கள். மேடு எரிந்த நாட்களில் மூச்சிரைத்து வந்த குழந்தைகளுக்கு நெபுலைசர் வைத்தவள் நான். மேடு போகட்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் பாட்டிலும் அட்டையும் இத்தனை காலம் மறுசுழற்சிக்குப் போனது இந்தப் பெண்களின் கோணியில்தானே?

அப்புறம், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் எரிஉலைத் திட்டம். அதை எதிர்த்து 2025இல் இங்கே மனிதச் சங்கிலி நடந்தது. உலை நன்றாக எரியக் காய்ந்த தாளும் பிளாஸ்டிக்கும் வேண்டும். இவர்கள் பொறுக்கி விற்பதும் அவற்றைத்தான்.

இவர்களை அடையாளம் கண்டு குப்பை மேலாண்மைக்குள் இணைக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லியிருந்தன. 2024இல் தூய்மைப் பணியாளர்களுக்கான மத்திய அரசின் நமஸ்தே திட்டத்திலும் சேர்த்தார்கள். பட்டியலில் பேர் இருந்தால் பாதுகாப்பு உபகரணமும் ஆயுஷ்மான் காப்பீடும் கிடைக்கும். பட்டியல் போதாது. தரம் பிரிக்கும் கூடத்தில் வேலை முதலில் இவர்களுக்குத்தான் வேண்டும். எது இரும்பு, எது அலுமினியம், எந்த பிளாஸ்டிக் விலை போகும் என்பது தொட்டாலே தெரியும் கைகள் அவை.

நம் வீட்டிலிருந்தும் ஒன்று. உடைந்த கண்ணாடியைத் தாளில் கனமாகச் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதிக் கொடுங்கள். இன்சுலின் ஊசியை மூடியுள்ள கெட்டி டப்பாவில் போட்டுத் தனியாகக் கொடுங்கள். கையில் குத்திய ஊசியோடு ஓடி வருகிறவருக்கு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி (ஹெபடைடிஸ் பி) போட்டிருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை.

இரும்பு எடுத்த அந்த அம்மாவுக்கு வியாழக்கிழமை மறுபடி பிரஷர் பார்க்க வேண்டும். பட்டியலில் பேர் சேர்க்க ஆதாரையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.