ஐபி அட்ரஸ் பார்க்க அந்நியரை உள்ளே விடாதீர்கள்

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம், கிருஷ்ணகிரியில் இருக்கும் எங்கள் சர்வீஸ் கடைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். லேப்டாப் பையை மேஜை மேல் வைத்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். அதில் நீல மையில் 192.168.1.5 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

"தம்பி, இது என் கம்ப்யூட்டரோட ஐபி அட்ரஸ். இதுல இருந்து ஏதோ தப்பு நடந்திருக்குன்னு சைபர் போலீஸ்ல இருந்து பேசுறாங்க. காலையில இருந்து மூணு தடவை பேசிட்டாங்க. நான் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலையேப்பா."

கை நடுங்கியது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் கேட்டது ஒரே கேள்வி: "சார், இந்த முழு நம்பரையும் அவங்க சொன்னாங்களா, நீங்க படிச்சுக் காட்டினீங்களா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். லேப்டாப்பில் ஒரு கறுப்புத் திரையைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். "192.168 என்று தொடங்கும் ஒரு எண் தெரிகிறதா? அதுதான் எங்கள் கண்காணிப்பில் இருக்கும் எண்" என்று சொல்லியிருக்கிறார்கள். திரையில் அப்படியே இருந்தது. மிச்ச எண்களை இவரே படித்துச் சொல்லியிருக்கிறார். எண் பொருந்தியதும், பேசுகிறவர் உண்மையான போலீஸ்தான் என்று நம்பிவிட்டார்.

என் கடைக் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி அதே கறுப்புத் திரையைக் காட்டினேன். 192.168.1.14. பக்கத்து மேஜையில் பழுதுக்கு வந்திருந்த லேப்டாப்பிலும் 192.168.1 என்றே தொடங்கியது. என் போனிலும் அப்படித்தான். அதற்குப் பிறகுதான் சார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இந்த வேலையில் 14 வருடமாக இருக்கிறேன். பில் போடும் கடைகள், மாங்கூழ் ஆலைகள், பள்ளிகள், இ-சேவை மையங்கள் என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நெட்வொர்க் வேலை பார்த்திருக்கிறேன். தன் கம்ப்யூட்டரின் ஐபி அட்ரஸ், அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் முகவரி எண், எது, அது எங்கே தெரியும் என்று தெரியாததால் மக்கள் பயப்படுவதையும் பணத்தை இழப்பதையும் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன். அந்த எண்ணைப் பார்க்க எந்த ஆப்பும் வேண்டாம். இரண்டு நிமிடம் போதும்.

முதலில், ஏன் எல்லோருக்கும் 192.168 என்று வருகிறது? தர்மபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எந்த லாட்ஜுக்குப் போனாலும் 101-ஆம் நம்பர் அறை இருக்கும். அந்த எண் அந்த லாட்ஜுக்குள் மட்டும்தான் செல்லும். "101-ல் தங்கியிருக்கிறார்" என்று மட்டும் சொன்னால் ஊரில் யாராலும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. 192.168 அப்படிப்பட்ட அறை எண்தான். உங்கள் வீட்டு ரௌட்டர், அதாவது நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் வைஃபை பெட்டி, வீட்டில் இருக்கும் ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் டிவிக்கும் தானே ஒரு எண் கொடுக்கிறது. ஐபிவி4 என்ற பழைய ஐபி முகவரி முறையில் மொத்தம் சுமார் 430 கோடி எண்கள்தான் உண்டு. உலகத்துக்கு அது போதாது என்று முன்கூட்டியே தெரிந்ததால், வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் மட்டும் பயன்படுத்திக்கொள்ள மூன்று எண் வரிசைகளை 1990-களிலேயே ஒதுக்கிவைத்தார்கள். 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் 192.168. பொது எண்களின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தே போனது. அதனால் இன்றைக்கு எந்த வீட்டில் பார்த்தாலும் இந்த மூன்று வரிசையில் ஒன்றுதான் இருக்கும். போனில் பேசுகிற மோசடிக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். உங்களுக்கும் தெரிந்துவிட்டால் அந்தப் பேச்சு எடுபடாது.

சரி, எப்படிப் பார்ப்பது? விண்டோஸ் என்றால் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி சி, எம், டி என்ற மூன்று எழுத்தை அடித்து என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரை திறக்கும். அதில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்று இடைவெளி விடாமல் அடித்து மறுபடி என்டர். நிறைய வரிகள் கொட்டும். இங்கேதான் பலர் குழம்பிப்போகிறார்கள். ஒரே கம்ப்யூட்டரில் கேபிளுக்கு ஒரு பகுதி, வைஃபைக்கு ஒரு பகுதி, சில மென்பொருள்கள் தாமாக உண்டாக்கிய பகுதிகள் என்று நான்கைந்து இருக்கும். "மீடியா டிஸ்கனெக்டட்" என்று போட்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். "டிஃபால்ட் கேட்வே" என்ற வரிக்கு எதிரே எந்தப் பகுதியில் எண் இருக்கிறதோ, பெரும்பாலும் நெட் ஓடிக்கொண்டிருப்பது அதில்தான். அந்தப் பகுதியில் "ஐபிவி4 அட்ரஸ்" என்ற வரிதான் உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி. கேட்வே என்பது ரௌட்டரின் முகவரி. இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பக்கத்திலேயே எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஒன்று இருக்கும். எஃப், இ, 80 என்று தொடங்கும். அது புதிய முறையான ஐபிவி6 வகை முகவரி. யாரோ உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்று ஒருவர் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். அது எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருப்பதுதான். பயப்பட வேண்டாம்.

கறுப்புத் திரை பிடிக்காதவர்கள் செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் என்ற பகுதிக்குப் போய், இணைந்திருக்கும் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் அதே எண் கீழே இருக்கும். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை பெயரைத் தொட்டு விவரங்களைப் பார்க்கலாம். போன் கம்பெனிக்குக் கம்பெனி இடம் கொஞ்சம் மாறும். ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் சின்ன ஐ எழுத்தைத் தொட்டால் போதும்.

ஒரு எண்ணை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: 169.254. உங்கள் முகவரி இப்படித் தொடங்கினால் ரௌட்டர் உங்களுக்கு எண்ணே கொடுக்கவில்லை, கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள், ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். நான் போகிற "நெட் வரலை" புகார்களில் இது அடிக்கடி வரும். நான் நேரில் போகவே தேவையில்லாத வேலை.

பணம் போவது வேறு இடத்தில். காவேரிப்பட்டணத்தில் ஒரு மளிகை மொத்த வியாபாரி. சனிக்கிழமை கூட்ட நேரம், கரண்ட் போய் வந்தது, பில் பிரிண்டர் நின்றுவிட்டது. அவர் தம்பி இணையத்தில் பிரிண்டர் உதவி எண் என்று தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் போன் போட்டிருக்கிறார். எடுத்தவர் உங்கள் ஐபி அட்ரஸில் கோளாறு, நாங்களே சரிசெய்கிறோம் என்று சொல்லி, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ஒரு ஆப்பைப் போடச் சொன்னார். அப்புறம் பத்து ரூபாய் பதிவுக் கட்டணம். அதைக் கட்ட வங்கிக் கணக்கைத் திறந்தார்கள். திரையில் நடப்பதையெல்லாம் அந்த ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரச் சரக்கு வாங்கும் பணம் போய்விட்டது.

மறுநாள் நான் போனேன். பிரிண்டரை அணைத்து, காகிதம் தள்ளும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திரும்பப் போட்டேன். கிர்ரென்று ஒரு சீட்டு வந்தது. பெரும்பாலான பில் பிரிண்டர்களில் இந்த வசதி உண்டு. நெட்வொர்க் கேபிள் போட்ட மாடலாக இருந்தால் பலவற்றில் அந்தச் சீட்டிலேயே அதன் ஐபி அட்ரஸ் அச்சாகிவிடும். அதில் 192.168.1.12 என்று இருந்தது. கம்ப்யூட்டரோ 192.168.1.7 என்ற பழைய எண்ணுக்கே பில்லை அனுப்பிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் வந்தபோது ரௌட்டர் பிரிண்டருக்கு வேறு எண் கொடுத்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. பிரிண்டர் அமைப்பில் 7-ஐ 12 ஆக்கியதும் தேங்கியிருந்த பில்லெல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. அண்ணன், தம்பி இருவரும் ஒன்றும் பேசாமல் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் பேச வாய் வரவில்லை.

இது திரும்ப வராமல் இருக்க ரௌட்டரிலேயே அந்த பிரிண்டருக்கு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவைக்கலாம். அதற்கு மேக் அட்ரஸ் வேண்டும். மேக் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் நம் ஊர்க் கதையையே சொல்வேன். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. அதுவரை தர்மபுரி மாவட்டம் என்று வந்துகொண்டிருந்த கடிதங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று வர ஆரம்பித்தன. முகவரி மாறியது, வீட்டில் இருந்த ஆள் அதே ஆள்தான். ஐபி என்பது மாறக்கூடிய முகவரி. மேக் என்பது கருவி செய்யும்போதே அதற்கு வைத்த பெயர், இரண்டிரண்டாக ஆறு ஜோடி எழுத்தும் எண்ணுமாக இருக்கும். கருவியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். கம்ப்யூட்டரில் அதே கறுப்புத் திரையில் கட்டளைக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ஏ, எல், எல் என்று சேர்த்தால் "ஃபிசிக்கல் அட்ரஸ்" என்று வரும். புது ஆண்ட்ராய்டு போன்களும் ஐபோன்களும் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று மேக்கைக் காட்டும். உங்களை யாரும் பின்தொடராமல் இருக்க வைத்த பாதுகாப்பு அது. கல்லூரியிலோ ஆபீசிலோ மேக்கைப் பதிவு செய்யச் சொன்னால், அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் காட்டும் மேக்கைக் கொடுங்கள்.

இதுவரை சொன்னது வீட்டுக்குள் இருக்கும் முகவரி. வெளி உலகம் பார்ப்பது வேறு எண். கூகுளில் "என் ஐபி என்ன" என்று தேடினால் அதைக் காட்டும் தளங்கள் வரும். வீட்டில் எத்தனை கருவி இருந்தாலும் பழைய முறையில் வெளியே தெரிவது அந்த ஒரே எண்தான். அதன் இருப்பிடத்தைப் பார்த்தால் கிருஷ்ணகிரியில் இருக்கும் நமக்குச் சென்னை என்றோ பெங்களூரு என்றோ காட்டும். நெட் கம்பெனியின் கருவி இருக்கும் ஊர் அது. ஆகவே உங்கள் ஐபியை வைத்து உங்கள் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று போனில் ஒருவர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. எந்த நேரத்தில் அந்த எண் யாரிடம் இருந்தது என்று சொல்ல நெட் கம்பெனியால்தான் முடியும். விசாரணை அதிகாரிகள் அவர்களிடம் முறைப்படி கேட்டு வாங்குவார்கள். உங்களைக் கறுப்புத் திரையைத் திறந்து படிக்கச் சொல்ல மாட்டார்கள்.

அதே காரணத்தால்தான் வைஃபை பாஸ்வேர்டை டீக்கடையில் எழுதி ஒட்டுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். யாரோ ஒருவர் அதில் உட்கார்ந்து தப்பு செய்தால் வெளியே தெரிவது கடைக்காரரின் எண். வாடிக்கையாளருக்கு நெட் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ரௌட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்று தனியாக ஒன்று வைக்கலாம். பில் கம்ப்யூட்டரும் கேமராவும் அவர்கள் கண்ணில் படாது. பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர்கள் 2011-ல் வந்த விதிகளின்படி யார் வந்தார்கள், எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்கள் என்ற பதிவேட்டை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். அதை விடாமல் எழுதுங்கள், ஒரு நாள் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

மாந்தோப்பில் கேமரா வைத்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காய்ப்பு நேரத்தில் வீட்டிலிருந்தே தோப்பைப் பார்க்க ஆசைப்படுவது நியாயம். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி இணைப்புக்கு எதிரே இருக்கும் எண்ணும், இணையதளம் காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ரௌட்டரில் 100.64 முதல் 100.127 வரையிலான எண் இருந்தால், பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது எண்ணை உங்கள் நெட் கம்பெனி பகிர்கிறது. அப்போது ரௌட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வாசல், திறந்தாலும் அந்த வழியில் வெளியிலிருந்து கேமரா தெரியாது. வீணாகச் செலவு செய்யாதீர்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருந்து போர்ட் திறந்துவிட்டீர்கள் என்றால், கேமராப் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். அட்மின் என்றும் 12345 என்றும் விட்டுவைத்த தோப்புக் கேமராவை ஊர் பேர் தெரியாத ஒருவர் உட்கார்ந்து பார்க்க முடியும். திறந்து கிடக்கும் போர்ட்டுகளைத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் இருக்கின்றன.

அந்த ஆசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். தூரத்திலிருந்து இயக்கும் அந்த மாதிரி ஆப்பை அவர் தன் போனில் ஏற்கெனவே போட்டிருந்தார். அவர்களை உள்ளே விட ஆப்பின் திரையில் வந்த எண்ணை மட்டும் இன்னும் சொல்லவில்லை. நெட்டை அணைத்து, ஆப்பை நீக்கினோம். என் போனிலிருந்து வங்கிக்குப் பேசி கணக்கில் ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டோம். பணம் போகவில்லை. போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குப் பேசியிருப்போம். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. "வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, டிஜிட்டல் கைது" என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. அதை மீறி அவர் கடைக்கு வந்ததே பெரிய விஷயம்.

டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "அந்தக் கறுப்புத் திரையை நானே ஒரு தடவை எடுக்கிறேன் தம்பி" என்றார். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தபோது மேஜை மேல் அவர் போன் அதிர்ந்தது. அதே எண். ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "சி, ஓ, என்... அடுத்தது எஃப்தானே?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த எழுத்தைத் தேடினார்.