ஒரு கேமராவை இன்னொரு கேமராவாகக் காட்டும் நுட்பம்: காப்புரிமைப் பரிசீலனையில் நீங்களும் சான்று கொடுக்கலாம்

ஒரே நிகழ்ச்சியை இரண்டு வெவ்வேறு கம்பெனி கேமராக்களில் எடுத்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும். ஒன்றில் முகம் சிவப்படித்திருக்கும், மற்றதில் மஞ்சளாகத் தெரியும். இரண்டையும் ஒன்றாக்க எடிட்டிங்கில் ராத்திரி முழுக்க உட்கார வேண்டியிருக்கும். "முதல் கேமராவின் படத்தை இரண்டாவது கேமராவில் எடுத்ததுபோல் மாற்றும் முறை" என்று யாரோ ஒருவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருப்பது கண்ணில் பட்டால், அவர்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். "இதைத்தானே வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறோம்!"

இந்தக் கோபத்தை அப்படியே எழுதி அனுப்பினால் காப்புரிமை அலுவலகத்தில் எதுவும் நடக்காது. விண்ணப்பத் தேதிக்கு முன்பே வெளியான ஒரு கட்டுரை, பழைய காப்புரிமை, மென்பொருள் கையேடு கையில் இருந்தால் நடக்கும். அமெரிக்காவில் இதற்கென்றே சட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2011 செப்டம்பர் 16-இல் கையெழுத்தான அமெரிக்கக் கண்டுபிடிப்புச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. சரியாக ஓராண்டு கழித்து, 2012 செப்டம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 122(e) பிரிவு, விதிகளில் 1.290. யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. முதல் முறை கொடுக்கும்போது மூன்று ஆவணம் வரை கட்டணமும் இல்லை. இப்படி ஒரு உரிமை இருப்பது படம் எடுப்பவர்களிலும் நிரல் எழுதுபவர்களிலும் பலருக்குத் தெரியாமலேயே போவதுதான் எனக்கு வருத்தம்.

தலைப்பைப் பார்த்துப் பதறாதீர்கள்

விண்ணப்பத்தின் தலைப்பும் சுருக்கமும் எவ்வளவு அகலமாக இருந்தாலும், உரிமை எதற்கு என்பதைக் கடைசியில் எண் போட்டு வரும் உரிமைக் கோரிக்கைகள்தான் தீர்மானிக்கும். ஆங்கிலத்தில் இதை 'கிளைம்' என்பார்கள். காப்புரிமை ஆய்வாளர் படித்துப் பரிசீலிப்பதும் அதைத்தான். நாமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

விளக்கத்துக்காக நானே ஒரு கோரிக்கையை எழுதிக்கொள்கிறேன். "ஒரு வண்ண அட்டையை முதல் கேமராவால் படமெடுத்தல், அதே வெளிச்சத்தில் அதே அட்டையை இரண்டாவது கேமராவால் படமெடுத்தல், இரண்டு படங்களின் நிற மதிப்புகளை ஒப்பிட்டு ஒரு மாற்று அட்டவணை உருவாக்குதல், அந்த அட்டவணையை முதல் கேமராவுக்குள் சேமித்தல், பயனர் திரையில் இரண்டாவது கேமராவின் பெயரைத் தொட்டதும், அடுத்து எடுக்கும் படத்துக்கு அந்த அட்டவணையைச் செலுத்துதல்."

இதில் ஐந்து துண்டுகள் இருக்கின்றன. ஐந்தும் ஒரே பழைய ஆவணத்தில் இருந்தால் புதுமை இல்லை. 102-ஆம் பிரிவின் கீழ் கோரிக்கை விழும். நாலு இருந்து ஐந்தாவது இல்லையென்றால் அந்த ஆவணத்தால் மட்டும் புதுமை போகாது. பலரும் சறுக்குவது இங்கேதான். வண்ண அட்டையை வைத்து நிறம் சரிசெய்வது மிகப் பழையது. 24 கட்டங்கள் கொண்ட மேக்பெத் வண்ண அட்டையைப் பற்றிய கட்டுரை 1976-லேயே வெளியாகிவிட்டது. ஆனால் அந்தக் கட்டுரையில் கேமராவின் திரையும் இல்லை, இன்னொரு கேமராவின் பெயரைத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. அதை மட்டும் நீட்டினால் கோரிக்கை அசையாது.

அடுத்து 103-ஆம் பிரிவு. இரண்டு மூன்று ஆவணங்களைச் சேர்த்துப் பார்த்தால், இந்தத் துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவருக்கு இது தானாகவே தோன்றியிருக்குமா என்பது அங்கே கேள்வி. 2007-இல் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலைத் தளர்த்தியது. சாதாரணத் தேர்ச்சியாளருக்கும் சொந்த யோசனை உண்டு, அவர் வெறும் இயந்திரம் இல்லை என்றது நீதிமன்றம். அட்டவணை தயாரிக்கும் முறை ஒரு ஆவணத்தில், கேமராவுக்குள்ளேயே தோற்றத்தை மாற்றும் மெனு இன்னொன்றில் என்று கிடைத்தால், இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்குப் பொருள் இருக்கிறது.

கேமரா வழக்குகளில் நடந்தது

மூன்றாவது வடிகட்டி 101-ஆம் பிரிவு. வெறும் கருத்துக்கும் கணிதத்துக்கும் காப்புரிமை கிடையாது. கேமரா நுட்பங்கள் இதில் இரண்டு முறை பலமாக அடிபட்டிருக்கின்றன.

ஒன்று, 2014-இல் வந்த டிஜிடெக் தீர்ப்பு. ஒரு கருவியின் நிறப் பண்புகளையும் பரப்புப் பண்புகளையும் விவரிக்கும் 'டிவைஸ் புரொஃபைல்' பற்றிய காப்புரிமை அது. நம் பேச்சுக்கு நேர் உறவினர். அந்தப் புரொஃபைல் என்பது தகவல் தொகுப்பு, அதை உருவாக்கும் முறை இருக்கும் தகவலை வேறு வடிவில் அடுக்குவது, எனவே இரண்டுமே தகுதியற்றவை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மற்றது 2021-இல் வந்த யு எதிர் ஆப்பிள். இரண்டு சென்சார், இரண்டு லென்ஸ், ஒன்றின் படத்தைக் கொண்டு மற்றதன் படத்தை மேம்படுத்தும் செயலி என்று உருப்படியான கேமராவைத்தான் கோரிக்கை விவரித்தது. ஆனாலும், இரண்டு படம் எடுத்து ஒன்றால் மற்றதை மேம்படுத்துவது என்ற பொதுக் கருத்துதான் இது, புகைப்படக்காரர்கள் நூறாண்டுக்கு மேலாக அறிந்தது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தள்ளினார்கள். ஒரு நீதிபதி உடன்படவில்லை. விண்ணப்பத்தின் உள்ளே குறிப்பிட்ட ஓர் அமைப்பு விரிவாக எழுதப்பட்டிருந்தது, ஆனால் கோரிக்கை அந்த அமைப்போடு நிற்காமல் எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டது. அதுவும் எதிராகத் திரும்பியது.

எல்லா விண்ணப்பமும் வெற்று என்று இதற்குப் பொருள் இல்லை. இந்தத் துறையில் உண்மையாகவே கடினமான சிக்கல்கள் உண்டு. 1927-லேயே ராபர்ட் லூதர் ஒரு நிபந்தனை சொன்னார்: சென்சாரின் மூன்று வண்ண உணர்திறன்களும் மனிதக் கண்ணின் உணர்திறன்களோடு நேர்கோட்டுக் கணக்கில் பொருந்தினால்தான் நிறத்தைக் கண் பார்ப்பதுபோலவே பதிவு செய்ய முடியும். நடைமுறையில் கேமராக்கள் இதை முழுதாக நிறைவேற்றுவதில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தவறுகின்றன. இரண்டு நீலத் துணிகளை ஒரு கேமரா வேறு வேறாகப் பார்க்கும். இன்னொன்றுக்கு இரண்டும் ஒரே எண்ணாகத் தெரியும். அந்த இன்னொரு கேமரா இழந்துவிட்ட வித்தியாசத்தை எந்த அட்டவணையாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. இந்த இடத்தில் காட்சியின் வெளிச்சத்தையோ பொருளின் தன்மையையோ கணித்து ஈடுகட்டும் புது வழியை ஒருவர் கண்டுபிடித்து, அதை மட்டும் குறுக்கிக் கேட்டால், அவருக்குக் காப்புரிமை கிடைப்பது சரி என்றுதான் நினைக்கிறேன். "மாற்று அட்டவணை செலுத்துதல்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால்தான் சான்றோடு எதிர்நிற்க வேண்டும்.

சான்று எங்கே கிடைக்கும்

விண்ணப்பம் 'சிமுலேட்', அதாவது இன்னொரு கேமராபோல் காட்டுவது, என்று சொல்வது எதை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். நிறமா, பின்னணி மங்கலா, இரைச்சல் துகளா, லென்ஸின் வளைவா? ஒவ்வொன்றுக்கும் சான்று இருக்கும் இடம் வேறு.

நிறம் என்றால் 2004-இல் அடோபி வெளியிட்ட டிஎன்ஜி கோப்பு வடிவத்தின் விவரக்குறிப்பைப் பார்க்கலாம். கேமரா நிறத்தைப் பொதுவான நிறவெளிக்கு, அதாவது நிறங்களை எண்ணால் குறிக்கும் பொது முறைக்கு, மாற்றும் கணித அணிகள் (மேட்ரிக்ஸ்) அதில் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளன. எந்தக் கேமராவில் எடுத்தாலும் ஒரே நிறவெளிக்குக் கொண்டுவருவதற்காகத் திரைத்துறை உருவாக்கிய ஏசிஇஎஸ் ஆவணங்களும் உதவும். ஃபியூஜிஃபிலிம் கேமராக்களின் 'ஃபிலிம் சிமுலேஷன்' மெனுவை விளக்கும் கையேடுகள் இன்னொரு வழி. பின்னணி மங்கலோ பார்வைக் கோணமோ என்றால், பதிவான ஒளிக்கதிர்களிலிருந்து கேமரா இல்லாத இடத்துப் பார்வையை உருவாக்கும் ஒளிப்புலக் கட்டுரைகள் 1996-லிருந்தே உள்ளன. லெவாயும் ஹன்ரஹனும் எழுதியது அவற்றில் முக்கியமானது. பழைய காப்புரிமைகளைத் தேட எஸ்பாஸ்நெட்டும் கூகுள் பேடன்ட்ஸும் இலவசம்.

தேதியில் கவனம் வேண்டும். ஒப்பிட வேண்டியது விண்ணப்பம் வெளியான தேதியோடு இல்லை, அதற்கு உரிய மிக முந்தைய விண்ணப்பத் தேதியோடு. விண்ணப்பதாரர் தானே எழுதி வெளியிட்ட கட்டுரை என்றால் அமெரிக்காவில் ஓராண்டுச் சலுகை உண்டு. தாக்கல் செய்வதற்கு எட்டு மாதம் முன்பு அவரே போட்ட கட்டுரையைக் கொண்டுபோய்ப் பயனில்லை.

கதவு எப்போது மூடும்

பொதுவாக விண்ணப்பம் 18 மாதத்தில் வெளியிடப்படும். சான்று கொடுக்கும் கெடு சட்டத்தில் கொஞ்சம் சுற்றி வளைத்து எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும்.

விண்ணப்பம் ஜனவரி 10-இல் வெளியானதாக வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் முடிவது ஜூலை 10. ஆய்வாளர் மார்ச்சிலேயே ஏதாவது ஒரு கோரிக்கையை நிராகரித்துவிட்டாலும் உங்களுக்கு ஜூலை 10-க்கு முன்பு வரை நேரம் உண்டு. முதல் நிராகரிப்பு அக்டோபர் 3-இல் வந்தால், அதற்கு முன்பு வரை உண்டு. இரண்டில் எது பிந்தையதோ அதுதான் கெடு. ஆனால் காப்புரிமை தரலாம் என்ற அனுமதி அறிவிப்பு ஏப்ரல் 20-இலேயே போய்விட்டால் எல்லாக் கணக்கும் அன்றோடு முடிந்தது. நிராகரிப்பு எப்போது வரும் என்பது வெளியாருக்குத் தெரியாது. ஆகவே ஆறு மாதம் என்பதையே மனதில் வைத்து, அதிலும் முதல் இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. ஒரு நாள் தவறினாலும் மன்னிப்பு இல்லை. படிவத்தில் குறை இருந்தால் அலுவலகம் அதைக் கோப்பில் சேர்க்காது. திருத்தித் தரக் கூடுதல் அவகாசமும் கிடையாது.

என்ன எழுதி அனுப்புவது

ஏற்றுக்கொள்ளப்படுவது அச்சான அல்லது வெளியிடப்பட்ட ஆவணம் மட்டும். பழைய கேமராவையே பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது. அதன் கையேட்டை அனுப்பலாம். இணையப் பக்கம் என்றால் அது எப்போது வெளியானது என்பதற்கு ஆதாரம் சேர்க்க வேண்டும். இணைய ஆவணக் காப்பகத்தின் பழைய பிரதி இங்கே பெரிய துணை. ஜப்பானிய மொழிக் கையேடாக இருந்தால் தேவையான பகுதிக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அமெரிக்கக் காப்புரிமைகளுக்கும் அங்கே வெளியான விண்ணப்பங்களுக்கும் நகல் தேவையில்லை, மற்றவற்றுக்குத் தேவை.

ஒவ்வொரு ஆவணத்தோடும் அது எப்படித் தொடர்புடையது என்ற சுருக்க விளக்கம் கட்டாயம். எல்லாம் இதில்தான் இருக்கிறது. "இந்தக் கோரிக்கையை நிராகரிக்க வேண்டும்", "இது தெளிவான திருட்டு" என்றெல்லாம் வாதிடக் கூடாது. ஆவணம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் காட்ட வேண்டும். என் மாதிரிக் கோரிக்கைக்கு ஒரு வரி இப்படி இருக்கலாம்: "கோரிக்கை 1-இல் 'மாற்று அட்டவணை உருவாக்குதல்' என்ற பகுதி: கையேட்டின் 12-ஆம் பக்கம், இரண்டாவது பத்தி, இரண்டு கேமராக்களில் எடுத்த வண்ண அட்டைப் படங்களின் மதிப்புகளிலிருந்து அட்டவணை கணக்கிடுவதை விவரிக்கிறது." இடது பக்கம் கோரிக்கையின் சொற்கள், வலது பக்கம் பக்க எண்ணும் வரியும் என்று கட்டம் போட்டுக் காட்டுவது அனுமதிக்கப்பட்டதே. ஆய்வாளருக்கு ஒரு விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. நாற்பது பக்கத்தைக் கொடுத்து "இதில் எங்கோ இருக்கிறது" என்பதற்கும், விரல் வைத்துக் காட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

தாக்கல் இணையம் வழியே செய்யலாம். நீங்கள் விண்ணப்பத்தோடு தொடர்புள்ளவர் அல்ல, அதாவது தெரிந்ததை வெளியிடும் கடமை விண்ணப்பதாரர் தரப்பில் உங்களுக்கு இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். கட்டண விலக்கு வேண்டுமென்றால், இதுவே உங்கள் முதல் சமர்ப்பிப்பு, ஒரே சமர்ப்பிப்பு என்ற வாக்கியமும் சேர வேண்டும். கையெழுத்துப் போடுபவர் பெயர் கோப்பில் இருக்கும். அவருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. கொடுத்த பிறகு பரிசீலனையில் உங்களுக்கு வேறு பங்கு கிடையாது. பதில் வராது, வாதத்துக்கு அழைக்க மாட்டார்கள். அதனால்தான் அந்தச் சுருக்க விளக்கத்தை இவ்வளவு அக்கறையோடு எழுதச் சொல்கிறேன். நீங்கள் பேசக் கிடைப்பது அந்த ஒரே முறைதான்.

அதே கண்டுபிடிப்பு மற்ற இடங்களிலும் விண்ணப்பமாகியிருக்கலாம். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில், ஐரோப்பியக் காப்புரிமை ஒப்பந்தத்தின் 115-ஆம் உறுப்பின் கீழ் யாரும் கட்டணமின்றி, பெயர் சொல்லாமலும் கருத்துத் தரலாம். அங்கே ஆவணத்தோடு வாதத்தையும் எழுதலாம். பல நாடுகளுக்கும் சேர்த்து ஒன்றாகப் போடும் சர்வதேச பிசிடி விண்ணப்பம் என்றால், அதன் முன்னுரிமைத் தேதியிலிருந்து, அதாவது அதற்கு உரிய மிக முந்தைய விண்ணப்பத் தேதியிலிருந்து, 28 மாதம் வரை உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகச் சேர்க்கலாம். இந்தியாவில் 25(1) பிரிவு, காப்புரிமை வழங்கும்வரை எவரும் எதிர்ப்பு தெரிவிக்க இடம் தருகிறது. 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் கட்டணம் உண்டு.

அமெரிக்கக் கோப்பின் நிலையைப் 'பேடன்ட் சென்டர்' தளத்தில் விண்ணப்ப எண்ணை இட்டு யாரும் பார்க்கலாம். நீங்கள் கொடுத்தது சேர்க்கப்பட்டதா, ஆய்வாளர் அதைப் பரிசீலித்ததாகக் குறித்திருக்கிறாரா, அதற்குப் பிறகு கோரிக்கையின் சொற்கள் குறுகினவா என்று வரிசையாகத் தெரியும். கெடு தவறி, காப்புரிமையும் வழங்கப்பட்டுவிட்டால், முதல் ஒன்பது மாதத்துக்குள் கேட்கக்கூடிய மறுஆய்வு தனியாக இருக்கிறது. அது வக்கீலும் பெரும் பணமும் கேட்கும் வழி.